சாவை நினைத்துப் பார்ப்பதும் வாழ்க்கை இலக்குகளைச் சீர்செய்வதும்: முழுமையான வழிகாட்டி

அப்பா இறந்து இரண்டு மாதம் கழித்து அவருடைய அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தபோது பாக்கெட் டைரிகள் ஒரு கட்டாகக் கிடைத்தன. வருடத்துக்கு ஒன்றாகப் பதினோரு டைரிகள். ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் அந்த வருடம் செய்ய வேண்டியவை என்று ஏழெட்டு வரிகள் எழுதியிருந்தார். சில வரிகள் வருடத்துக்கு வருடம் மாறின, சிலவற்றை அடித்துவிட்டிருந்தார். ஒரு வரி மட்டும் பதினோரு டைரியிலும் இருந்தது. தன்னோடு படித்த சிநேகிதர் ஒருவரின் பெயரைப் போட்டு, பக்கத்தில் "போய்ப் பார்க்க வேண்டும்" என்று. மையின் நிறம் மாறியிருக்கிறது, கடைசி மூன்று வருடங்களில் கையெழுத்து நடுங்கியிருக்கிறது, வரி அப்படியே இருக்கிறது. அந்தச் சிநேகிதர் இருந்தது இரண்டு மணி நேர பஸ் பயணத்தில்.

அப்பா சோம்பேறி இல்லை, பாசம் இல்லாதவரும் இல்லை. இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார். எனக்கும் அந்த நினைப்பு இருக்கிறது என்பதை அந்த டைரிகளைப் பார்த்த அன்றுதான் உணர்ந்தேன். அதன்பிறகு ஆறு வருடங்களாக இந்த விஷயத்தைத் தேடிப் படித்தும், என் வாழ்க்கையில் செய்து பார்த்தும் வருகிறேன். எனக்குப் புரிந்த வரையில், சாவைப் பற்றிய நினைப்பு திடுக்கென்று வந்து போனால் ஆளை இறுக்கிவிடுகிறது. அதையே நிதானமாக உட்கார்ந்து விவரமாக நினைத்து, இந்த வாரம் செய்யக்கூடிய ஒரு காரியத்தோடு முடிச்சுப் போட்டால் மனசு லேசாகிறது. அந்த முடிச்சைப் போடுவது எப்படி என்பதைத்தான் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

ஒரு நோட்டு, ஒரு பேனா, யாரும் கூப்பிடாத ஒரு மணி நேரம் போதும். அந்த ஒரு மணி நேரம் ஏழெட்டுத் தடவை வேண்டியிருக்கும். ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று உட்காராதீர்கள். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவில் இரண்டு மூன்று நாள் விடுங்கள். எழுதியது மனசுக்குள் ஊற வேண்டும்.

தொடங்கும் முன்: யார் இப்போது செய்ய வேண்டாம்

இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். சமீபத்தில் நெருங்கியவரை இழந்திருந்தால் இந்தப் பயிற்சி இப்போது வேண்டாம். துக்கத்துக்கு அதன் பாட்டுக்கு நேரம் வேண்டும், அதை இலக்குப் பட்டியலாக மாற்றக் கூடாது. மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிடுகிறவர்களும், திடீர்ப் பதற்றத்தில் மூச்சு முட்டும் அனுபவம் உள்ளவர்களும் தங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். செத்துப்போனால் நிம்மதி என்ற எண்ணம் அடிக்கடி வருகிறவர்கள் இதை இங்கேயே மூடி வைத்துவிட்டு, இன்றைக்கே நம்பிக்கையான ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், மனநல மருத்துவரைப் பாருங்கள். அந்த எண்ணம் ஒரு வலி. அதற்குச் சிகிச்சை உண்டு, நோட்டும் பேனாவும் அதற்குப் போதாது.

சாவின் நினைப்பில் இரண்டு வகை

முதல் வகை, திடுக்கென்று வந்து போகும் நினைப்பு. 1986 இல் ஜெஃப் கிரீன்பெர்க், ஷெல்டன் சாலமன், டாம் பிஸ்ஸின்ஸ்கி என்ற மூன்று அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார்கள். தான் சாகப்போகிறோம் என்பது மனிதனுக்குத் தெரியும், அந்த அச்சத்தைச் சமாளிக்கத் தன் நம்பிக்கைகளையும் தன் கூட்டத்தையும் இறுகப் பிடித்துக்கொள்கிறான் என்பது அதன் சாரம். 1989 இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அரிசோனாவைச் சேர்ந்த நீதிபதிகளில் ஒரு பகுதியினரிடம் முதலில் அவர்களுடைய சாவைப் பற்றிச் சில வரிகள் எழுதச் சொன்னார்கள். பிறகு எல்லோரிடமும் ஒரே வழக்கைக் கொடுத்து ஜாமீன் தொகையைத் தீர்மானிக்கச் சொன்னார்கள். சாவைப் பற்றி எழுதாதவர்கள் விதித்த சராசரித் தொகை 50 டாலர். எழுதியவர்கள் விதித்தது 455 டாலர். அதாவது, தங்கள் நம்பிக்கைகளை மீறியவர்மேல் அவர்களுடைய கடுமை கூடியிருந்தது.

இந்த ஆய்வை அப்படியே விழுங்கிவிட முடியாது. அதில் இருந்தவர்கள் 22 நீதிபதிகள்தான். பிற்பாடு பல ஆய்வகங்கள் சேர்ந்து இதே வகையைச் சேர்ந்த சோதனை ஒன்றைத் திரும்பச் செய்தபோது எதிர்பார்த்த விளைவு தென்படவில்லை. ஆனாலும், சாவுச் செய்தியொன்று காதில் விழுந்த நாளில் நாம் எரிந்து விழுவதையும், வீம்பு பிடிப்பதையும், தேவையில்லாததை வாங்கிக் குவிப்பதையும் யாரும் தன் வீட்டிலேயே பார்த்திருக்கலாம்.

இரண்டாவது வகை வேறு. பிலிப் காஸலீனோவும் உடன் ஆய்வாளர்களும் 2004 இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். நடுராத்திரியில் விழிப்பு வருகிறது, அடுக்குமாடிக் கட்டடத்தில் தீ, தப்பிக்க வழியில்லை என்ற காட்சியைக் கொடுத்து, அந்த நேரத்தில் என்ன நினைப்பீர்கள், அதுவரை வாழ்ந்த வாழ்க்கையைப் பற்றி என்ன தோன்றும், குடும்பத்தார் எப்படித் தாங்குவார்கள் என்றெல்லாம் விவரமாக எழுதச் சொன்னார்கள். பணத்தையும் பேரையும் பெரிதாக நினைக்கிறவர்களிடம்கூட, அப்படி எழுதிய பிறகு பேராசை குறைந்தது. சும்மா "நீ சாவாய்" என்று நினைவூட்டினால் கிடைக்காத மாற்றம், நின்று நிதானித்து நினைத்தபோது கிடைத்தது. கீழே வரும் படிகளுக்கு அடிப்படை இதுதான்.

படி 1: உங்கள் பயத்தைப் பிரித்துப் பாருங்கள்

"சாவு என்றால் பயம்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். உள்ளே பார்த்தால் அது நாலைந்து பயங்கள் சேர்ந்த மூட்டை. நோட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள்: வலி வரும் என்ற பயம், படுத்த படுக்கையாகி மற்றவர்களுக்குப் பாரமாவோமோ என்ற பயம், பிள்ளைகளோ பெற்றோரோ தனியாகிவிடுவார்களே என்ற பயம், நான் என்ற ஒன்றே இல்லாமல் போகும் என்ற பயம், செய்ய நினைத்தது பாதியில் நின்றுவிடும் என்ற பயம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுங்கள்.

ஏன் இப்படிப் பிரிக்க வேண்டும் என்றால், ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. வலியைப் பற்றிய பயத்தை வலி நிவாரணச் சிகிச்சை தெரிந்த மருத்துவரிடம் பேசிக் குறைத்துக்கொள்ளலாம். பிள்ளைகளைப் பற்றிய பயம் காகித வேலைகளால் குறையும், அது படி 7 இல் வருகிறது. பாதியில் நின்றுபோகும் என்ற பயம்தான் இலக்குகளோடு நேரடியாகச் சேர்ந்தது. இல்லாமல் போவதைப் பற்றிய பயத்துக்கு என்னிடம் மருந்து இல்லை. அதை ஒரு தோழமை மாதிரி பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளப் பழகலாம்.

அடுத்து, சாவை நீங்கள் எந்தக் கண்ணோடு பார்க்கிறீர்கள் என்று பாருங்கள். பால் வாங் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 1994 இல் ஐந்து மனநிலைகளைப் பிரித்துக் காட்டினார்கள்: பயப்படுவது, பேச்சே எடுக்காமல் ஒதுக்குவது, இயற்கையின் ஒரு பகுதி என்று ஏற்பது, மறுமையின் வாசல் என்று எதிர்பார்ப்பது, துன்பத்திலிருந்து விடுதலை என்று ஏற்பது. ஒருவரிடமே இரண்டு மூன்று கலந்திருக்கும். எனக்கு ஒதுக்குவதுதான் முதலிடத்தில் இருந்தது. யாராவது சாவைப் பற்றி ஆரம்பித்தால் "அந்தப் பேச்சு இப்போ எதுக்கு" என்று சட்டென்று மாற்றிவிடுவேன். ஐந்தாவது மனநிலை உங்களிடம் மேலோங்கி இருந்தால், தொடங்கும் முன் சொன்னதை இன்னொரு தடவை படியுங்கள்.

இளவயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: சாவைப் பற்றிய பதற்றம் வயதானவர்களுக்குத்தான் அதிகம் என்று நினைத்தால் அது தவறு. ஆய்வுகளில் அது இருபதுகளில் உச்சத்தில் இருந்து பிறகு இறங்குவதாகத் தெரிகிறது. உங்களுக்கு மட்டும் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

படி 2: விவரமாக நினைத்து எழுதுங்கள்

இதுதான் கனமான படி. பகலில் செய்யுங்கள், ராத்திரி படுக்கும் முன் வேண்டாம். முடிந்த பிறகு செய்ய ஒரு சாதாரண வேலையை முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள்: துணி மடிப்பது, நடந்துவிட்டு வருவது, ஒருவருக்குப் போன் போடுவது.

தீக்காட்சி எல்லோருக்கும் தேவையில்லை. நான் அமைதியான காட்சியையே சொல்வேன். ஓர் அறை. ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று எழுதுங்கள். என்ன நேரம், வெளிச்சம் எப்படி விழுகிறது, கட்டிலின் பக்கத்தில் யார் இருக்கிறார்கள், யார் வரவில்லை. இன்னும் சில நாள்தான் என்று மருத்துவர் சொல்லிவிட்டார், வலி இல்லை, பேச முடிகிறது. இப்போது இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள்:

- முதலில் யார் முகம் நினைவுக்கு வருகிறது? அவரிடம் சொல்லாமல் விட்டது என்ன?
- இதுவரை வாழ்ந்ததில் எந்த நாளை இன்னொரு தடவை வாழக் கேட்பீர்கள்?
- எதைச் செய்யாமல் போகிறோம் என்று வருத்தமாக இருக்கிறது?
- எதற்காகச் செலவழித்த காலத்தை நினைத்தால் "இதற்கா இவ்வளவு" என்று தோன்றுகிறது?
- உங்களுக்குப் பிறகு வீட்டில் முதல் வாரம் எப்படிப் போகும்?

அழகாக எழுத வேண்டாம். எழுத்துப்பிழை இருக்கட்டும். 20 நிமிடம் கையை எடுக்காமல் எழுதுங்கள். அழுகை வந்தால் வரட்டும். மூச்சு வேகமாகி உடம்பு நடுங்கினால் மட்டும் நிறுத்திவிட்டு எழுந்து போய் முகம் கழுவுங்கள்.

நான் எழுதியபோது என்னையே திகைக்க வைத்தது ஒன்று உண்டு. ஒன்பது வருடமாக ஒரு பதவிக்காக ஞாயிற்றுக்கிழமைகளையும் விட்டுக்கொடுத்து உழைத்துக்கொண்டிருந்தேன். நாலு பக்கம் எழுதி முடித்துத் திரும்பப் படித்தால் அந்தப் பதவியின் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை. இருந்தது இரண்டு விஷயம். மகளுக்கு நீச்சல் சொல்லித்தருவதாக அவளுடைய ஆறு வயதில் சொன்னது, அவளுக்கு அப்போது பதினொன்று. இன்னொன்று, சொத்து விஷயத்தில் தங்கையோடு பேச்சு நின்றுபோனது.

பயந்ததைவிட இது இதமாக இருந்தது என்று பலரும் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். 2017 இல் வந்த ஓர் ஆய்வு, தீராத நோயில் இருந்தவர்கள் இணையத்தில் எழுதிவந்த பதிவுகளையும், அதே நிலையில் தாங்கள் இருப்பதாகக் கற்பனை செய்து ஆரோக்கியமானவர்கள் எழுதியதையும் ஒப்பிட்டது. நிஜமாகவே சாவின் அருகில் இருந்தவர்களின் எழுத்தில்தான் நல்லுணர்வுச் சொற்கள் அதிகம் இருந்தன. தூரத்தில் நின்று பார்க்கிறவனுக்குத்தான் அது முழு இருட்டாகத் தெரிகிறது.

படி 3: இப்போதைய இலக்குகளைக் கொட்டுங்கள்

மூன்று நாள் கழித்து, புதுப் பக்கத்தில், இப்போது உங்கள் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும் காரியங்களை எல்லாம் எழுதுங்கள். உளவியலாளர் பிரையன் லிட்டில் இவற்றைத் தனிப்பட்ட செயல்திட்டங்கள் என்று அழைத்தார். "வீட்டுக் கடனை அடைப்பது" அதில் ஒன்று, "எடை குறைப்பது" ஒன்று, "மாமியாரோடு சண்டை வராமல் இருப்பது" என்பதும் ஒன்றுதான். பெரியது சின்னது பார்க்க வேண்டாம். பத்துப் பதினைந்து தேறும்.

ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், இதை ஏன் செய்கிறேன் என்பதற்கு நான்கில் ஒன்றைக் குறியுங்கள்: யாரோ கட்டாயப்படுத்துகிறார்கள், செய்யாவிட்டால் குற்ற உணர்வாக இருக்கும், இது முக்கியம் என்று நானே நம்புகிறேன், செய்வதே பிடித்திருக்கிறது. கென்னன் ஷெல்டனும் ஆண்ட்ரூ எலியட்டும் 1999 இல் காட்டியது, கடைசி இரண்டு காரணங்களுக்காகத் துரத்தும் இலக்குகளில் மனிதர்கள் சலிக்காமல் உழைக்கிறார்கள், எட்டியபின் நிறைவும் கூடுதலாகக் கிடைக்கிறது என்பது.

பிறகு இன்னொரு குறி. இந்த இலக்கு உள்ளே பார்க்கிறதா, வெளியே பார்க்கிறதா? உறவு, வளர்ச்சி, உடல்நலம், பிறருக்கு உதவுவது உள்ளே பார்ப்பவை. பணம், புகழ், தோற்றம் வெளியே பார்ப்பவை. டிம் காஸரும் ரிச்சர்ட் ரயனும் 1990களில் தொடங்கி வைத்த இந்தப் பிரிவினையைக் கொண்டு, 2009 இல் வெளிவந்த ஓர் ஆய்வு கல்லூரி முடித்தவர்களைத் தொடர்ந்து பார்த்தது. உள்நோக்கிய இலக்குகளை எட்டியவர்களின் மனநலம் உயர்ந்தது. வெளிநோக்கிய இலக்குகளை எட்டியவர்களுக்கு அப்படி உயரவில்லை, மனக்கஷ்டத்தோடுதான் அது சேர்ந்து வந்தது.

இதைப் படித்துவிட்டுப் பணம் ஒரு பொருட்டே இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மாதக் கடைசியில் பள்ளிக் கட்டணத்துக்கு அலைகிறவருக்குச் சம்பாதிப்பது உறவைக் காப்பாற்றும் காரியம். "இந்தப் பணம் எதற்கு?" என்று ஒரு கேள்வி போட்டு, பதிலை அந்த வரியின் கீழேயே எழுதிவிடுங்கள். பதில் ஒரு ஆளின் பெயரில் முடிந்தால் அது உள்நோக்கிய இலக்கு. "நாலு பேர் பார்க்க" என்று முடிந்தால் மறுபடி யோசியுங்கள்.

படி 4: காலத்தை மாற்றிப் போட்டுப் பாருங்கள்

லாரா கார்ஸ்டென்சன் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் ஓர் எளிய கேள்வி கேட்டார்கள். அரை மணி நேரம் ஓய்வு கிடைத்தால் யாரோடு கழிப்பீர்கள்: நெருங்கிய உறவினரோடா, சுவாரசியமான புது அறிமுகத்தோடா, நீங்கள் படித்த ஒரு புத்தகத்தை எழுதியவரோடா? வயதானவர்கள் பெரும்பாலும் நெருங்கியவரைத் தேர்ந்தெடுத்தார்கள். இளையவர்களிடம் அந்தச் சாய்வு இல்லை. ஆனால் "சீக்கிரமே நீங்கள் தூர ஊருக்குப் போகப் போகிறீர்கள்" என்று சொன்னதும் இளையவர்களும் நெருங்கியவர் பக்கம் வந்தார்கள். "புது மருத்துவத்தால் இன்னும் 20 வருடம் கூடுதலாக வாழ்வீர்கள்" என்று கற்பனை செய்யச் சொன்னதும் வயதானவர்களிடம் அந்தச் சாய்வு மறைந்தது. வயதைவிட, எவ்வளவு காலம் மிச்சம் இருப்பதாக நினைக்கிறோம் என்பதுதான் விருப்பத்தைத் திருப்புகிறது.

நீங்களும் செய்யுங்கள். நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: 20 வருடம் இருக்கிறது, 3 வருடம் இருக்கிறது, 3 மாதம் இருக்கிறது. உங்கள் பட்டியலில் உள்ள காரியங்களை, எந்தக் காலம் என்றால் செய்வீர்களோ அந்தப் பத்தியில் எல்லாம் எழுதுங்கள். மூன்று பத்தியிலும் வரும் வரிகள்தான் உங்கள் உயிர்நாடி. சாதாரணமாக இரண்டு மூன்றுக்கு மேல் வராது.

20 வருடப் பத்தியில் மட்டும் வருபவற்றைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். இன்றே கடைசி நாள் என்று நினைத்து வாழ் என்ற அறிவுரையில் எனக்கு நம்பிக்கை இல்லை. அப்படி வாழ்ந்தால் யாரும் மரம் நட மாட்டார்கள், பல் வலிக்கு மருத்துவரைப் பார்க்க மாட்டார்கள், பிள்ளைக்குச் சேமிக்க மாட்டார்கள். நீண்ட கால இலக்கு வேண்டும். மூன்று பத்தியிலும் வரும் அந்த இரண்டு மூன்று வரிகளை அது தின்றுவிடக் கூடாது, அவ்வளவுதான்.

ஒரு கணக்கும் போடுங்கள். 80 வருட வாழ்க்கை என்பது கிட்டத்தட்ட 4,170 வாரம். இதைவிடக் கூர்மையான கணக்கு வேறு ஒன்று. அம்மாவுக்கு 72 வயது, வருடத்துக்கு நாலு தடவை போய்ப் பார்க்கிறீர்கள், இன்னும் பத்து வருடம் என்று வையுங்கள். மிச்சம் இருப்பது நாற்பது சந்திப்பு. வருடமாகச் சொன்னால் உறைக்காதது எண்ணிக்கையாகச் சொன்னால் உறைக்கிறது.

படி 5: கைவிடுங்கள்

பெரும்பாலானவர்கள் இந்தப் படியில்தான் நின்றுவிடுகிறார்கள். புது இலக்கு சேர்ப்பது சுகம், பழையதை விடுவது வலி. பட்டியல் நீண்டுகொண்டே போய், கடைசியில் எதுவும் நடக்காமல் போவதற்கு இதுதான் காரணம்.

கார்ஸ்டன் ரோஷும் உடன் ஆய்வாளர்களும் 2003 இல் எட்ட முடியாத இலக்குகளைப் பற்றி எழுதினார்கள். அவற்றை விட்டுவிடத் தெரிந்தவர்களும், வேறொன்றில் மனசை ஊன்றத் தெரிந்தவர்களும் மனநலத்தில் மேலாக இருந்தார்கள். விடாமுயற்சியைச் சின்ன வயதிலிருந்தே புகழ்ந்து புகழ்ந்து, விடுவதைத் தோல்வி என்று நம்மை நம்ப வைத்துவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. எத்தனையோ பேர் இருபது வயதில் யாரோ தலையில் வைத்த சுமையை ஐம்பதிலும் இறக்காமல் நடக்கிறார்கள்.

செய்முறை இது. படி 2 இல் எழுதிய பக்கங்களையும் படி 4 இன் மூன்று பத்திகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரண்டிலும் தலைகாட்டாத இலக்குகளை வட்டமிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று வழிகளில் ஒன்று: முழுதாக விடுவது, சுருக்குவது, இன்னொருவரிடம் ஒப்படைப்பது. மொழி ஒன்றைக் கரைத்துக் குடிக்க வேண்டும் என்ற ஆசையை, ஒரு சிநேகிதரோடு அந்த மொழியில் பத்து நிமிடம் பேச வேண்டும் என்று சுருக்கலாம். குடும்ப வரலாற்றை எழுத வேண்டும் என்ற ஆசையை, அதில் ஆர்வமுள்ள அக்கா மகனிடம் கொடுத்துவிட்டு, தெரிந்த கதைகளை மட்டும் அவனிடம் சொல்லலாம்.

களைப்பில் எடுத்த முடிவா, தெளிவில் எடுத்த முடிவா என்று தெரிந்துகொள்ள இரண்டு வாரம் பொறுங்கள். நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு காலையில் அந்த வரியைத் திரும்பப் படியுங்கள். அப்போதும் விடத் தோன்றினால் விடுங்கள். தேதி போட்டு, "இது வரை தாங்கினேன், இனி வேண்டாம்" என்று பக்கத்தில் எழுதுங்கள்.

அந்தப் பதவியை நான் விட்டபோது ஒரு வாரம் துக்கமாகவே இருந்தது. சாப்பாடு இறங்கவில்லை. என்னைவிட இளையவர் ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்த அன்று மதியம் மாடிப்படியில் தனியாகக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். இலக்கும் ஒருவகையில் நம்மோடு வாழ்ந்த உயிர்தான், அது போகும்போது அழலாம். அப்புறம் அந்தக் காலியிடத்தை உடனே ஏதாவது போட்டு நிரப்பாமல், படி 4 இல் மூன்று பத்தியிலும் வந்த வரி ஒன்றுக்கு அந்த நேரத்தைக் கொடுங்கள். எனக்கு அது சனிக்கிழமை காலை நீச்சல் குளமாக இருந்தது. மகள் முதல் நாள் என் தோளை விடவே இல்லை. நகக்குறி இரண்டு நாள் இருந்தது.

படி 6: "வேண்டும்" என்ற சொல்லை மாற்றுங்கள்

அப்பாவின் டைரி வரிக்கு வருகிறேன். "போய்ப் பார்க்க வேண்டும்" என்பதில் என்றைக்கு என்பது இல்லை, எப்படி என்பதும் இல்லை. பீட்டர் கோல்விட்ஸர் என்ற உளவியலாளர், "இன்னது நடந்தால் இன்னது செய்வேன்" என்ற வடிவில் திட்டம் போடச் சொன்னார். 2006 இல் அவரும் பஸ்கல் ஷீரனும் 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இப்படி எழுதியவர்கள் இலக்கை எட்டுவதில் கணிசமாக முன்னேறியிருந்தது தெரிந்தது.

மிச்சமிருக்கும் ஒவ்வொரு இலக்குக்கும் ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள். அதில் நாள், நேரம், இடம், முதல் அசைவு நான்கும் இருக்கட்டும். "தங்கையோடு பேச வேண்டும்" என்பதை நான் இப்படி மாற்றினேன்: "வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிந்து வண்டியை எடுக்கும் முன், வண்டியில் உட்கார்ந்தபடியே அவளுக்குப் போன் போட்டு, அவள் மகன் பரீட்சையைப் பற்றிக் கேட்பேன்." சொத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை, வேண்டுமென்றேதான் விட்டேன். முதல் வெள்ளி அவள் எடுக்கவில்லை. மூன்றாவது வெள்ளி எடுத்தாள், நாலு நிமிடம் பேசினோம்.

தாமஸ் கிலோவிச்சும் விக்டோரியா மெட்வெக்கும் 1994 இல் காட்டியது இங்கே பொருந்தும். செய்த தவறுகள் சில வாரம் சுடும். வருடங்கள் கழித்துத் திரும்பிப் பார்த்தால் செய்யாமல் விட்டவைதான் அதிகம் உறுத்தும்.

அப்பாவின் சிநேகிதரைப் பார்க்க நானே போனேன். "இரண்டாவது ஞாயிறு, காலை 7 மணி பஸ்" என்று எழுதி வைத்துத்தான் போனேன். எண்பதைத் தாண்டியவர். டைரியின் ஒரு பக்கத்தைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் படித்தார். "நானும்தான் நினைச்சுக்கிட்டே இருந்தேன்" என்றார்.

படி 7: பேச வேண்டியதும் எழுதி வைக்க வேண்டியதும்

இதில் தத்துவம் இல்லை, வேலைதான். உயில், வங்கிக் கணக்குகளின் நியமனதாரர் (நாமினி), காப்பீட்டு விவரம், கடன் யாருக்கு எவ்வளவு, போன் திறக்கும் எண், நினைவில்லாமல் கிடந்தால் எந்தச் சிகிச்சை வேண்டும் எது வேண்டாம், அப்போது உங்களுக்காக யார் முடிவெடுக்கலாம். இவை எங்கே இருக்கின்றன என்று ஒரே தாளில் எழுதி, வீட்டில் ஒருவருக்காவது தாள் இருக்கும் இடத்தைச் சொல்லுங்கள். சட்ட விதிகள் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் உயிலுக்கும் சிகிச்சை விருப்பத்துக்கும் உங்கள் ஊர் வழக்கறிஞரை ஒரு தடவை பாருங்கள்.

பேச்சைத் தொடங்குவது கஷ்டம் என்றால், கனடாவைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஹார்வி சோச்சினோவ், வாழ்வின் இறுதிக்கட்டத்தில் இருப்பவர்களுக்காக உருவாக்கிய உரையாடல் முறை கைகொடுக்கும். உங்கள் வாழ்க்கையில் எது உங்களுக்கு முக்கியமாகப் படுகிறது, எப்போது முழு உயிர்ப்போடு இருந்தீர்கள், உங்களைப் பற்றிக் குடும்பத்தார் எதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற மாதிரியான கேள்விகள் அவை. வீட்டுப் பெரியவரிடம் போனில் பதிவுசெய்தபடி கேளுங்கள். சாவு என்ற சொல் வராமலேயே அந்தப் பேச்சு நடந்துவிடும்.

படி 8: மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்பிப் பாருங்கள்

நல்ல பலன் கிடைக்கிறதா என்று எதை வைத்துப் பார்ப்பது? சந்தோஷமாக இருக்கிறேனா என்ற ஒரே கேள்வி போதாது, அது அன்றைய தூக்கத்தைப் பொறுத்து மாறும். கரோல் ரிஃப் 1989 இல் மனநலத்தை ஆறாகப் பிரித்தார்: தன்னை ஏற்பது, நல்ல உறவுகள், சுயமாக முடிவெடுப்பது, அன்றாடத்தைச் சமாளிப்பது, வாழ்வில் நோக்கம், வளர்ச்சி. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எவ்வளவு என்று போடுங்கள். எனக்கு முதல் மூன்று மாதத்தில் உறவு 4 இலிருந்து 6 ஆனது, சமாளிப்பது 7 இலிருந்து 5 ஆகக் குறைந்தது. அது இயல்பு என்று பிறகு புரிந்தது. பழைய ஒழுங்கைக் கலைத்திருந்தேன்.

நோக்கத்துக்கும் உடம்புக்கும் தொடர்பு இருக்கிறது. பேட்ரிக் ஹில்லும் நிக்கோலஸ் டுரியானோவும் 2014 இல் வெளியிட்ட ஆய்வு, ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்களை 14 வருடம் பின்தொடர்ந்தது. வாழ்க்கையில் நோக்கம் இருப்பதாகச் சொன்னவர்களிடம் அந்தக் காலத்தில் இறப்பு குறைவாக இருந்தது, இளையவர் முதியவர் வித்தியாசம் இல்லாமல். நோக்கம்தான் ஆயுளைக் கூட்டியது என்று இதிலிருந்து அடித்துச் சொல்ல முடியாது.

செய்யும்போது வரும் சிக்கல்கள்

எழுதியபின் பல நாள் ராத்திரி அதே நினைப்பு வந்தால், படி 2 ஐ விட்டுவிட்டு படி 3 இலிருந்து தொடருங்கள். அது குறையில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டால் மருத்துவரைப் பாருங்கள்.

எழுதும்போது எதுவுமே தோன்றவில்லை, மரத்துப்போன மாதிரி இருக்கிறது என்றால், உங்கள் சாவை விட்டுவிட்டு ஓர் இடத்தின் முடிவை நினைத்துப் பாருங்கள். அடுத்த மாதம் இந்த ஊரை விட்டே போகப் போகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு 30 நாள் வாழ்ந்து பாருங்கள். கல்லூரி மாணவர்களிடம் இப்படிச் செய்து பார்த்து 2018 இல் வெளியிட்ட ஆய்வில், அப்படி வாழ்ந்தவர்களின் மனநலம் மேம்பட்டது. சாவைத் தொடாமலேயே அதன் பலனில் ஒரு பங்கு கிடைக்கும்.

வீட்டில் இருப்பவர் இந்த நோட்டைப் பார்த்துப் பயந்துவிடலாம். என் மனைவி பயந்தாள், எனக்கு ஏதோ நோய் வந்திருக்கிறது, மறைக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். நோட்டைத் தொடங்கும் முன்பே, எதற்காக எழுதுகிறீர்கள் என்று வீட்டில் சொல்லிவிடுங்கள். விருப்பம் இருந்தால் அவர்களுக்கும் ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள், ஆனால் அவர்கள் எழுதியதைக் கேட்காமல் திறக்காதீர்கள்.